கம்பளத்தைத் திருப்பிப் போடுங்கள்!

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு மலை ஏறினால் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை எண்ணிக்கொண்டே போவது குழந்தைகளுக்கு மட்டும் அல்ல, எனக்கும் பழக்கம். அப்படி ஒரு டிசம்பரில் எண்ணிக்கொண்டே போய் இறங்கிய இடம், நண்பர் ஒருவரின் பழைய எஸ்டேட் பங்களா. ஓட்டுக் கூரை, கண்ணாடி ஜன்னல், முன்னால் சிமென்ட் களத்தில் காய்ந்துகொண்டிருந்த காபிப் பழம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்ததில் இருந்து சேர்வராயன் மலையின் வாசனையே இதுதான்!

ஆனால், நான் போனது காபி குடிக்க அல்ல. ஒரு பஞ்சாயத்துக்கு.

நண்பரின் அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. பீரோவின் அடித்தட்டில் இருந்து, பழைய வேட்டியில் சுற்றிய ஒரு மூட்டையை எடுத்துவந்து கூடத்தில் பிரித்து விரித்தார். கம்பளம்! ஆறடி நீளம், நாலடி அகலம். நடுவில் மசூதி வாசல் மாதிரி ஒரு வளைவு. வளைவுக்குள் பூச்செடி. சுற்றிலும் பட்டை பட்டையாக பார்டர். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் மினுமினு என்று ஒரு பளபளப்பு.

"துருக்கிப் பட்டுங்க தம்பி. எங்க மாமனார் வெள்ளைக்காரர்கிட்ட இருந்து இந்தத் தோட்டத்தைக் கிரயம் பண்ணப்போ, பங்களாச் சாமானோட சேர்ந்து வந்துச்சு. சுல்தான் அரண்மனைச் சரக்குன்னு அந்தத் துரை சொன்னாராம். இதை வித்தா பேத்தியோட மேல்படிப்புக்கு ஆகும்னு இவன் சொல்றான். நீங்கதான் சரித்திரம் எல்லாம் எழுதறீங்களே... பார்த்துச் சொல்லுங்க."

சரித்திரம் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! கம்பளம் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நல்ல கம்பள வியாபாரி முன்பக்கத்தைப் பார்த்து விலை சொல்ல மாட்டார். முதலில் திருப்பிப் போடுவார்.

"திருப்பிப் போடுங்கம்மா" என்றேன்.

பின்பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது? அதைச் சொல்ல, முதலில் நம் ஊர் ஜமக்காளத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஏற்காட்டில் இருந்து இறங்கி சேலம் வழியாக மேற்கே போனால் பவானி. 2000-களின் மத்தியிலேயே புவிசார் குறியீடு வாங்கிய பவானி ஜமக்காளம் நம் எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் விரித்ததுதான். அதன் நெசவு நேரடியானது. பாவு நூல் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும். ஊடை நூல் குறுக்கே போகும், வரும். நெருக்கி அடித்தால் ஜமக்காளம் ரெடி. கோடும் பட்டையும் அழகாக வரும். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்ற பிரச்னையே கிடையாது.

முடிச்சுக் கம்பளத்தின் கதை வேறு. இங்கேயும் பாவு உண்டு, ஊடை உண்டு. ஆனால் பூ, இலை, கொடி எதுவுமே அவற்றால் வருவது இல்லை. பாவு நூல்களில் இரண்டு இரண்டாகப் பிடித்து, ஒரு சின்ன வண்ண நூலை அவற்றின் மேல் சுற்றி, இரண்டு நுனிகளையும் நடுவில் வெளியே இழுத்து, கத்தியால் நறுக்கிவிட வேண்டும். ஒரு முடிச்சு முடிந்தது. அடுத்த இரண்டு நூல், அடுத்த முடிச்சு. ஒரு வரிசை முழுக்க முடிச்சுப் போட்ட பிறகு ஊடை நூலை ஓட்டி, கனமான சீப்பால் அடித்து இறுக்க வேண்டும். அப்புறம் அடுத்த வரிசை. நறுக்கிய நூல் நுனிகள் நிமிர்ந்து நின்று புல் மாதிரி அடர்ந்து முன்பக்கத்தை மூடிவிடும். பின்பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு முடிச்சும் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். ஒளிக்கவே முடியாது!

இரண்டு பாவு நூலையும் ஒரே மாதிரி கட்டிப்பிடிக்கிற இந்த முடிச்சுக்கு துருக்கி முடிச்சு, கோர்தெஸ் முடிச்சு என்று பெயர். கோர்தெஸ், துருக்கியில் மனிசா பக்கத்து ஊர். ஒரு நூலை மட்டும் முழுசாகச் சுற்றி, அடுத்ததை ஒட்டி உரசிக்கொண்டு போகிறது பாரசீக முடிச்சு. அதற்கு ஈரானில் உள்ள சென்னே என்ற ஊரின் பெயரை வைத்தார்கள். வேடிக்கை என்ன தெரியுமா? அந்த சென்னே ஊர்க்காரர்கள் போடுவது துருக்கி முடிச்சுதான்! பெயர் வைத்த வெள்ளைக்கார வியாபாரிகள் விசாரிக்கவில்லை போலிருக்கிறது.

இந்த முடிச்சின் வயது இன்னும் பெரிய ஆச்சரியம். 1949-ல் ருஷ்ய ஆய்வாளர் செர்கேய் ருதென்கோ, சைபீரியாவின் அல்த்தாய் மலையில் பனிக்கட்டி உறைந்த ஒரு கல்லறையைத் தோண்டினார். பஸிரிக் என்ற அந்த இடத்தில் ஒரு கம்பளம் கிடைத்தது. கிட்டத்தட்ட ஆறடிக்கு ஆறடி. வயது சுமார் 2,400 வருஷம். மொத்தம் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகள், அத்தனையும் துருக்கி முடிச்சு. துருக்கி என்ற நாடே உருவாவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால்!

அது கம்பளிக் கம்பளம். அப்படியென்றால் பட்டு எதற்கு? ஆடம்பரத்துக்கா?

அதுவும்தான். ஆனால் நெசவாளிக்குப் பட்டு வேண்டியதன் நிஜமான காரணம் வேறு. கம்பளத்தின் டிசைனை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைகிறார்கள். ஒரு கட்டம் என்றால் ஒரு முடிச்சு. சேலத்திலும் காஞ்சிபுரத்திலும் புடவை டிசைனை கிராஃப் தாளில் போடுவார்களே, அதே கணக்கு. கட்டத்தில் நேர்க்கோடு சுலபம். வளைவுதான் கஷ்டம். கட்டங்கள் பெரிதாக இருந்தால் ரோஜா இதழ் மாடிப்படி மாதிரி இடிக்கும். பழைய செல்போனில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கினால் முகம் சதுரம் சதுரமாக உடையுமே, அது மாதிரி. வளைவு வழுக்கிக்கொண்டு வர வேண்டுமானால் முடிச்சு சின்னதாக வேண்டும். முடிச்சு சின்னதாக வேண்டுமானால் நூல் மெலிய வேண்டும். அடிக்கிற அடிக்கும் இழுக்கிற இழுப்புக்கும் அந்த மெலிந்த நூல் அறுந்து போகவும் கூடாது. இத்தனைக்கும் ஈடுகொடுக்கிற நூல் பட்டு ஒன்றுதான்.

கிராமத்துத் துருக்கிக் கம்பளங்களில் பூ ஏன் முக்கோணமும் அறுகோணமுமாக இருக்கிறது, அரண்மனைக் கம்பளத்தில் மட்டும் ஏன் துலிப்பும் கார்னேஷனும் காற்றில் ஆடுகிற மாதிரி வளைந்து நிற்கிறது என்பதற்கு இதுதான் பதில். ரசனை வித்தியாசம் மட்டும் அல்ல, நூல் வித்தியாசமும் சேர்ந்தது.

அந்தப் பட்டு எங்கே இருந்து வந்தது? இஸ்தான்புல்லுக்குத் தெற்கே, கடல் தாண்டி, புர்சா என்ற ஊரில் இருந்து. நமக்குச் சேலம், தர்மபுரி பக்கத்துப் பட்டுக்கூடு எப்படியோ, துருக்கிக்கு அப்படி புர்சா. நம் தமிழ்நாட்டுப் பட்டு வளர்ச்சித் துறையின் தலைமை அலுவலகமே சேலத்தில்தான் இருக்கிறது. ஏற்காட்டுக்கு டூர் போகிறவர்கள் பார்க்கிற இடங்களில் ரோஜாத் தோட்டத்தோடு அரசுப் பட்டுப் பண்ணையும் ஒன்று. மல்பெரி இலையைக் கொறித்துக்கொண்டு நெளிகிற புழுக்களைப் பார்த்து, குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடும்!

1850-களில் ஐரோப்பாவின் பட்டுப் புழுக்களைப் பெப்ரின் என்ற நோய் தாக்கியது. புழுவின் உடம்பில் மிளகுப் பொடி தூவின மாதிரி கறுப்புப் புள்ளி. கூடு கட்டாமலே செத்து விழும். பிரான்ஸ் படுத்தது, இத்தாலி படுத்தது, புர்சாவும் படுத்தது. 1865-ல் இந்த நோயை ஆராய பிரெஞ்சு அரசு அனுப்பியவர் லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டுபிடித்தாரே, அவரேதான். அவர் சொன்ன வழி ரொம்ப எளிமை. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார். நோய்க் கிருமி தெரிந்தால் அதன் முட்டை முழுவதையும் அழித்துவிடு. அவ்வளவுதான்!

பிரான்ஸுக்குப் போய் மாண்ட்பெலியேயில் இதைப் படித்துவந்த ஆர்மீனியர் கெவோர்க் தோர்கோமியான். 1888-ல் புர்சாவில் தொடங்கிய பட்டு வளர்ப்புப் பள்ளியை அவர்தான் நடத்தினார். செத்த தொழில் எழுந்து உட்கார்ந்தது. நம் ஊரில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கிற இடங்களில் இன்றைக்கும் தாய்ப் பூச்சிப் பரிசோதனை உண்டு. பாஸ்டர் காட்டிய அதே வழிதான்.

சரியான நேரத்தில் புர்சா எழுந்தது. ஏனென்றால் இஸ்தான்புல்லில் சுல்தானுக்குப் பட்டு தேவைப்பட்டது. நிறைய!

இஸ்தான்புல்லில் இருந்து 60 கிலோமீட்டர் தள்ளி, கடலோரம் ஒரு சின்ன ஊர், ஹெரெகே. 1843-ல் அங்கே ஒரு நெசவாலையைத் தொடங்கியவர்கள் தத்யான் குடும்பத்தார். இவர்களும் ஆர்மீனியர்கள். சுல்தானுக்கு வெடிமருந்து செய்துகொடுத்த குடும்பம்! இரண்டே வருஷத்தில், 1845-ல், ஆலை சுல்தான் அப்துல்மெஜித் கைக்குப் போனது. அவர் அப்போது தோல்மாபாச்சே என்ற பிரமாண்ட அரண்மனையைக் கட்டிக்கொண்டிருந்தார். திரைச்சீலை, நாற்காலித் துணி எல்லாம் ஹெரெகே பட்டு. 1878-ல் தீப்பிடித்து ஆலை முடங்கியது. 1882-ல் மறுபடி ஓடத் தொடங்கியது.

1891-ல் சுல்தான் இரண்டாம் அப்துல்ஹமீது அங்கே கம்பளத் தறிகளைப் போட்டார். சிவாஸ், மனிசா, லாதிக் என்று கம்பளத்துக்குப் பெயர்போன ஊர்களில் இருந்து கைதேர்ந்தவர்களை வரவழைத்தார்கள். ஐரோப்பிய ராஜாக்களுக்குப் பரிசு கொடுக்கவும் அரண்மனையில் விரிக்கவும் கம்பளம் வேண்டுமே! 1898-ல் ஜெர்மனிச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் ஹெரெகேக்கு நேரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் தங்குவதற்காகப் பெரிதாக்கப்பட்ட யில்திஸ் அரண்மனை மாளிகையில் விரித்திருக்கும் ஹெரெகே கம்பளம் ஒரே துண்டு, 400 சதுர மீட்டருக்கு மேல். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு கிரவுண்ட்! உள்ளே கொண்டுபோகச் சுவரைத் திறக்க வேண்டி வந்தது என்று சொல்கிறார்கள்.

ஹெரெகே பட்டுக் கம்பளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு சென்டிமீட்டருக்குக் குறுக்கே 10 முடிச்சு, நெடுக்கே 10 முடிச்சு. ஒரு சதுர சென்டிமீட்டரில் 100. உங்கள் சுண்டுவிரல் நகத்தின் பரப்பில் நூறு முடிச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலடிக்கு ஆறடியில் மொத்தம் 21 லட்சத்துக்கும் மேல். ஒரு நாளைக்கு 8,000 முடிச்சு போடுகிற சுறுசுறுப்பான கைக்குக்கூட ஒன்பது மாசம் ஆகும். ஒரு பிள்ளையைச் சுமக்கிற காலம்!

டிசைன்களுக்கு அவர்கள் வைத்த பெயர்களும் அழகு. ஒன்று 'ஆயிரத்தோரு பூ'. இன்னொன்று 'ஏழு மலையின் பூ'. ஏழுமலை என்றால் நமக்கு வேறு நினைப்பு வரும். துருக்கிக்காரர்களுக்கு அது நீலமும் சிவப்புமாக இடைவெளி இல்லாமல் பூத்துக் குலுங்குகிற ஒரு கம்பளம்.

ஹெரெகே அரசாங்கக் கம்பெனி. அதற்குப் போட்டியாக இஸ்தான்புல் நகரத்துக்குள்ளேயே ஒரு கூட்டம் கிளம்பியது. இடத்தின் பெயர் கும்காபி. பெயரைக் கேட்டதும் ஏற்காட்டுக் காபி நினைவுக்கு வந்தால் தப்பில்லை. துருக்கியில் 'காபி' என்றால் வாசல். கும்காபி, மணல் வாசல். ஆர்மீனியர்கள் நிறைய வாழ்ந்த கடலோரப் பேட்டை. ஹாகோப் கபுஜியான், ஸாரே பென்யாமின் என்ற இரண்டு பேர் இந்தப் பேட்டையின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்கள். பட்டு முடிச்சுக்கு நடுவே சில இடங்களில் முடிச்சே போடாமல் விட்டு, அங்கே வெள்ளி, தங்க ஜரிகையை மட்டமாக நெய்தார்கள். ஜரிகை பள்ளத்தில் மின்ன, பட்டுப் பூ மேட்டில் எழும்பி நிற்கும். தடவிப் பார்த்தால் செதுக்கின மாதிரி இருக்கும். வளைவு வாசலின் உச்சி தலைப்பாகை மாதிரி புடைத்து நிற்கிற ஒரு வடிவம் இவர்கள் ஸ்பெஷல். சந்தையில் அதற்கு 'சுல்தான் தலை' என்றே பெயர்.

கும்காபிக்காரர்கள் காப்பியும் அடித்தார்கள்! அதில் வெட்கப்படவும் இல்லை. 1891-ல் வியன்னாவில் ஒரு பெரிய கம்பளக் கண்காட்சி நடந்தது. அடுத்து, பழைய பாரசீகக் கம்பளங்களின் படங்கள் பெரிய பெரிய புத்தகங்களாக வந்தன. அந்தப் படத்தைப் பார்த்து, 16-ம் நூற்றாண்டு டிசைனைப் பட்டில் நெய்தார்கள். அதுவும் எப்படி? அசலையே சந்தேகப்பட வைக்கிற அளவுக்கு!

நிஜமாகவே அது நடந்தது. லண்டனில் ஜார்ஜ் சால்டிங் என்று ஒரு சேகரிப்பாளர். ஆஸ்திரேலியாவில் பிறந்த பெரும் பணக்காரர். 1909-ல் இறந்தபோது தன் கலைப்பொருட்களை விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கு எழுதிவைத்தார். அதில் ஒரு கம்பளம். பாவும் ஊடையும் பட்டு, மேலே கம்பளி முடிச்சு, நடுநடுவே ஜரிகை. 16-ம் நூற்றாண்டுப் பாரசீகம் என்று நினைத்தார்கள். அதே சாயலில் உலகம் முழுக்க இன்னும் பல கம்பளங்கள் இருந்தன. இஸ்தான்புல்லின் டோப்காபி அரண்மனையில் மட்டுமே தொழுகைக் கம்பளங்கள் 30-க்கும் மேல். எல்லாவற்றுக்கும் சேர்த்து 'சால்டிங் வகை' என்று பெயர்.

அப்புறம்தான் ஒரு கேள்வி வந்தது. முந்நூறு, நானூறு வருஷக் கம்பளம் என்றால் வெளுத்திருக்க வேண்டாமா? இது என்ன, நேற்று சாயம் போட்ட மாதிரி இருக்கிறதே! 1940-களில் குர்ட் எர்ட்மன் என்ற ஜெர்மன் அறிஞர், இவை 19-ம் நூற்றாண்டுத் துருக்கிப் பட்டறைகளில் நெய்தவை என்று வாதிட்டார். அவர் சொன்னால் சாதாரணம் இல்லை. கம்பள ஆராய்ச்சியில் பெரிய கை. பலரும் தலையாட்டினார்கள். நகலைப் பார்த்தவர்கள், அசலையும் நகல் என்று முடிவுகட்டிவிட்டார்கள். சால்டிங் கம்பளம் ஐம்பது வருஷம் போலிப் பட்டத்தோடு கிடந்தது.

1990-களில்தான் விடிவு. நூலின் சாயத்தை ரசாயனப் பரிசோதனை செய்தார்கள். நெசவின் அமைப்பை முடிச்சு முடிச்சாக ஒப்பிட்டார்கள். 1856-ல் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் லண்டனில் செயற்கைச் சாயம் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு நெய்ததாக இருந்தால் அந்த மாதிரிச் சாயம் எங்காவது ஒரு நூலில் காட்டிக்கொடுத்திருக்கக்கூடும். இவற்றில் இருந்தவையோ பழைய இயற்கைச் சாயங்கள். பாரசீகத்தின் 16-ம் நூற்றாண்டு என்ற பழைய முடிவே மீண்டது. பளபளப்புக்குக் காரணமும் எளிமையானதுதான். டோப்காபிக் கம்பளங்கள் யாரும் மிதிக்காமல், வெயில் படாமல் கிடந்தவை. முன்பக்கம் எல்லாரையும் குழப்பியது. நூலுக்கு உள்ளேயும் முடிச்சுக்குப் பின்னாலும் இருந்தது உண்மையைச் சொன்னது.

பின்பக்கம் இன்னொன்றையும் சொல்கிறது. அதைத்தான் அரண்மனை வழிகாட்டிகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. இந்த முடிச்சுகளைப் போட்டது யார்?

ஹெரெகேயில் தறி முன்னால் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் பலர் சின்னஞ்சிறு பெண்கள், அநாதைப் பிள்ளைகள். ஆலையோடு சேர்ந்த விடுதியில் தங்கி, விடிந்தால் தறி. சுல்தான் பெயர் தெரியும், சக்கரவர்த்தி பெயர் தெரியும். இவர்களில் ஒருத்தி பெயர் நமக்குத் தெரியாது. தன் கம்பளத்தில் பெயரையும் சேர்த்து நெய்தவர் கும்காபியின் ஸாரே. அதனால் இன்றைக்கு ஏலத்தில் 'ஸாரே கையெழுத்துப் போட்டது' என்றால் விலை ஏறுகிறது. அவர் பட்டறையில் முடிச்சுப் போட்ட மற்ற விரல்களுக்கு அதுவும் இல்லை.

அந்த ஆர்மீனியக் கைகளுக்குக் காலமும் இரக்கம் காட்டவில்லை. 1915 ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் ஆர்மீனிய அறிஞர்களையும் தலைவர்களையும் கைது செய்ததில் தொடங்கி, அனடோலியா முழுக்க லட்சக்கணக்கான ஆர்மீனியர்கள் நாடுகடத்தப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். ஆலையைத் தொடங்கிய தத்யான்கள், புழுவைக் காப்பாற்றிய தோர்கோமியான், நெய்த கும்காபிக்காரர்கள்... 'துருக்கிப் பட்டுக் கம்பளம்' என்று நாம் சொல்கிற பெயருக்குள் ஆர்மீனிய மக்களின் கையும் சேர்ந்து இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அது பாதிச் சரித்திரம். கம்பளத்தின் முன்பக்கம் மட்டும்.

நாமும் ரொம்பப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. உத்தரப்பிரதேசத்தில் பதோஹி, மிர்சாபூர் பக்கம் கம்பளத் தறிகளில் குழந்தைகளை உட்காரவைத்தது அண்மைக்காலக் கதை. 'சின்ன விரல்தான் சின்ன முடிச்சுப் போடும்' என்று அதற்கு ஒரு நியாயமும் சொன்னார்கள். சுத்தப் பொய்! ஹெரெகே வகை நுணுக்க முடிச்சை இன்று பெரியவர்களே போடுகிறார்கள். கைலாஷ் சத்யார்த்தி முதலானவர்கள் போராடி, 1994-ல் 'ரக்மார்க்' என்ற முத்திரை வந்தது. குழந்தைகளை வைத்து நெய்யவில்லை என்பதற்கான அடையாளம். சத்யார்த்திக்கு 2014-ல் அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது. அந்த முத்திரையைக் கம்பளத்தில் எந்த இடத்தில் ஒட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? பின்பக்கத்தில்தான்!

சரி, ஏற்காட்டுக்குத் திரும்புவோம். அம்மா காத்துக்கொண்டிருக்கிறாரே.

கம்பளம் குப்புறக் கிடந்தது. முடிச்சுகள் தெளிவாகத் தெரிந்தன. பேத்தி ஓடிப்போய் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்து ஸ்கேல் எடுத்துவந்தாள். ஒரு சென்டிமீட்டருக்கு எண்ணினோம். குறுக்கே 5, நெடுக்கே 5. ஹெரெகேயின் நூறு எங்கே, இந்த இருபத்தைந்து எங்கே! ஆனால் வரிசைகள் லேசாக ஏறி இறங்கி இருந்தன. அதனால் மெஷின் இல்லை, கைதான்.

அடுத்தது பட்டா என்ற சோதனை. நுனிக் குஞ்சத்தில் இருந்து ஒரு இழை, நடுவில் இருந்து ஒரு இழை எடுத்தோம். நண்பர் தீப்பெட்டியைக் கொண்டுவந்தார். பட்டு எரிந்தால் தலைமுடி கருகின நாற்றம் வரும், சாம்பல் உருண்டையாக நின்று, தொட்டால் பொடியாகும். பருத்தி எரிந்தால் காகிதம் எரிந்த வாசனை. இதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், இரண்டு இழைகளையும் கொளுத்தி மூக்கருகே கொண்டுபோன அம்மாவே சொல்லிவிட்டார்.

"காயிதம் எரிஞ்ச வாசம்ல வருது... பட்டு இல்லைங்க தம்பி."

அறுபது வருஷமாகப் பட்டுப்புடவை எடுத்த மூக்கு. தப்புமா?

துருக்கியில் கைசேரி என்று ஒரு நகரம். பருத்தி நூலைக் காரத்தில் நனைத்து இழுத்துப் பளபளக்க வைத்து, பட்டு மாதிரி கம்பளம் நெய்வதில் பெயர்போனது. அந்த வகையாக இருக்கலாம் என்றேன். அந்தத் துரையும் யாரிடமோ ஏமாந்திருக்கலாம். சுல்தான் அரண்மனை என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

நண்பர் முகம் தொங்கிப்போனது. காலேஜ் ஃபீஸ் கணக்கு மனசுக்குள் கலைந்திருக்கும். கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அம்மாதான் கேட்டார். "இதுல எத்தனை முடிச்சு இருக்கும் தம்பி?"

பேத்தி செல்போனில் பெருக்கிச் சொன்னாள். "அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம், ஆத்தா."

"எத்தனை நாள் ஆயிருக்கும்?"

"ரெண்டு மாசத்துக்கு மேலங்கம்மா" என்றேன்.

அம்மா குனிந்து, பின்பக்கத்து முடிச்சுகளை உள்ளங்கையால் தடவினார். "பட்டா இருந்தா என்ன, பருத்தியா இருந்தா என்ன... அந்தப் புள்ளைக்கு வலி ஒண்ணுதானே."

யார் அந்தப் பிள்ளை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கைசேரியில் ஏதோ ஒரு வீட்டில், தறி முன்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தி. இத்தனை வருஷத்தில், இந்தக் கம்பளத்தைப் பார்த்தவர்களில் அவளை நினைத்த முதல் ஆள் இந்த அம்மாவாகத்தான் இருக்கும்.

"பேங்க்ல கல்விக் கடனுக்கு எழுதிப் போடுப்பா. இது இங்கயே இருக்கட்டும்" என்று மகனிடம் சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனார். கம்பளத்தை மறுபடி வேட்டியில் சுற்றவில்லை. கூடத்திலேயே, குப்புற விரித்தபடியே விட்டுவிட்டார்.

அடுத்த முறை ஏதாவது அரண்மனையில், மியூசியத்தில், அல்லது உங்கள் வீட்டுப் பழைய பீரோவில் ஒரு கம்பளத்தைப் பார்த்தால், தொட அனுமதி இருந்தால், ஒரு மூலையை மட்டும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் சுல்தான் இருப்பார். நெய்தவள் பின்பக்கத்தில்தான் இருப்பாள்.